கோட்டுக்கும் படிக்கும் நடுவே எத்தனை அடி

எங்கள் ஊர் கால்பந்துத் திடலில் கேலரி கட்டப் போகிறார்கள். கத்தாரிலும் சவுதியிலும் மலேசியாவிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் சேர்ந்து பணம் திரட்டியிருக்கிறார்கள். வரைபடம்கூட வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. மேற்குப் பக்கம் நீளவாக்கில் ஆறு வரிசைக் கான்கிரீட் படி, மேலே தகரக் கூரை, நடுவில் பரிசு கொடுக்க ஒரு மேடை. மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடைப்பட்ட இந்தக் கரையில் எனக்குச் சோறு போடுவது கட்டட வேலைதான். அதனால் அபிப்பிராயம் கேட்டு அக்கா மகன் போன் செய்தான்.

"மாமா, படம் பாத்தீங்களா?"

"பாத்தேன்டா, நல்லாத்தான் இருக்கு. கோட்டுக்கும் மொதப் படிக்கும் எத்தன அடி விட்ருக்கீங்க?"

"ஆறடி மாமா. அதுக்கு மேல விட்டா பின்னாடி ரோட்டுல போயி இடிக்கும்."

ஆறடி போதாது. ஏன் போதாது என்பதைக் குழுவில் நாலு வரியில் எழுதினால், கீழே விழும் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும். அதனால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன். முதலில் நம் ஊரிலிருந்து வெகுதூரம் போக வேண்டும். ஒரு பல்கலைக்கழகம் கட்டிய கான்கிரீட் கேலரி ஒரு விளையாட்டின் சட்டத்தையே மாற்ற வைத்த கதை அது. அதைப் படித்த நாளிலிருந்து எந்தத் திடலைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது கோட்டுக்கு வெளியே இருக்கும் இடத்துக்குத்தான்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தை ஒட்டிச் சார்ல்ஸ் என்றொரு ஆறு ஓடுகிறது. அதன் கரையில் 1890-இல் ஹென்றி லீ ஹிக்கின்சன் என்பவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கு 31 ஏக்கர் நிலம் கொடுத்தார். உள்நாட்டுப் போர்க்காலத்து நண்பர்கள் ஆறு பேரின் நினைவாக அதற்குச் 'சோல்ஜர்ஸ் ஃபீல்ட்' என்று பெயர் வைத்தார். மாணவர்கள் விளையாட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அங்கே ஆடப்பட்டது நம் கால்பந்து இல்லை. நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிராளியை முட்டித் தள்ளி முன்னேறும் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் அது. கூட்டம் பெருகப் பெருக மரப்பலகைக் கேலரிகளை வைத்துச் சமாளித்தார்கள். மரம் என்றால் வருடாவருடம் செலவு, தீ பிடிக்கும் என்ற பயம் வேறு.

1879-ஆம் ஆண்டு பட்டம் பெற்று வெளியேறிய மாணவர்கள், தங்கள் இருபத்தைந்தாம் ஆண்டு நெருங்கும்போது ஒரு லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார்கள். பழைய மாணவர் சங்கம் பணம் திரட்டி ஊருக்கு ஏதாவது செய்வது நம்மிடமும் உண்டு என்பதால், இதைப் படித்ததுமே அந்த ஆட்களோடு எனக்கு ஓர் ஒட்டுதல் வந்துவிட்டது. ஹார்வர்டின் பொறியியல் பேராசிரியர்களான ஐரா ஹாலிஸும் லூயிஸ் ஜான்சனும் ஒரு துணிச்சலான முடிவெடுத்தார்கள். மரமும் வேண்டாம், செங்கல்லும் வேண்டாம், கம்பி கட்டிக் கான்கிரீட் போடலாம் என்றார்கள். 1903-இல் அது சாதாரண முடிவு இல்லை. அவ்வளவு பெரிய கட்டடத்தை அந்த முறையில் அங்கே யாரும் கட்டிப் பார்த்திருக்கவில்லை. குளிர்காலத்தில் உறைபனி விழும் ஊர். விரிசலுக்குள் புகும் தண்ணீர் உறைந்தால் கான்கிரீட்டையே பிளக்கும்.

கட்டினார்கள். ஒரு முனை திறந்திருக்கும் லாட வடிவம். உட்காரும் பலகைகளைத் தனியாக வார்த்துத் தூக்கி வைத்தார்கள். வேலை சில மாதங்களிலேயே முக்கால்வாசி முடிந்துவிட்டது. 1903 நவம்பர் 14 அன்று முதல் ஆட்டம். எதிரணி டார்ட்மவுத். புதுக் கேலரி நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, ஹார்வர்ட் 11-0 என்று தோற்றது. மொத்தச் செலவு மூன்று லட்சத்துப் பத்தாயிரம் டாலர். உச்சியில் இப்போது இருக்கும் தூண் வரிசை 1910-இல்தான் வந்தது. நடுவே 1906-இல் பழைய கிரேக்க நாடகம் ஒன்றைக் கிரேக்க மொழியிலேயே அந்தத் திடலில் போட்டிருக்கிறார்கள். நம் திடலிலும் திருவிழாவுக்கு மேடை போட்டு நாடகம் நடந்திருக்கிறது. மைதானம் என்று ஒன்று இருந்தால் ஊர் அதை எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொள்ளும்.

கட்டி முடித்த இரண்டு வருடத்தில் ஆட்டத்துக்கே ஆபத்து வந்தது. அந்தக் காலத்தில் பந்தை முன்னோக்கி வீசுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. பந்து வைத்திருப்பவனை நடுவில் விட்டுச் சுற்றிலும் மற்றவர்கள் கோத்துக்கொண்டு கூட்டமாக மோதுவார்கள். கழுத்து முறியும், மண்டை உடையும். 1905 பருவத்தில் மட்டும் நாடு முழுக்கப் பதினெட்டுப் பேர் இறந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. பெரும்பாலும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டில் படித்தவர். அவர் மகனும் அந்த வருடம் அங்கே முதலாண்டு அணியில் ஆடிக்கொண்டிருந்தான். அக்டோபர் மாதம் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசினார். டிசம்பரில் நியூயார்க்கில் 62 கல்லூரிகள் சேர்ந்து ஓர் அமைப்பை உருவாக்கின. இன்று அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் பெரும்பகுதியை நடத்துவது அந்த அமைப்புதான்.

சட்டத்தை மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை. யேலின் வால்டர் கேம்ப் அந்த ஆட்டத்தின் தந்தை என்று பெயர் வாங்கியவர். அவர் சொன்ன யோசனை எளிமையானது: களத்தை அகலமாக்குங்கள். 160 அடி அகலம் இருந்த களத்தில் இன்னும் 40 அடி கூட்டினால் ஓட இடம் கிடைக்கும், ஆட்கள் ஓரிடத்தில் குவிந்து மோத மாட்டார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஹார்வர்டின் கான்கிரீட் படிகள் 160 அடிக் களத்தை மனத்தில் வைத்துப் போடப்பட்டவை. இரண்டு பக்கமும் கேலரி. 40 அடி வேண்டுமென்றால் அத்தனை செலவில் எழுப்பிய புதுக் கட்டடத்தை இடிக்க வேண்டும். யார் இடிப்பார்கள்? அகலப்படுத்தும் யோசனை அங்கேயே நின்றுபோனது என்றுதான் அந்த ஆட்டத்தின் வரலாற்றைச் சொல்பவர்கள் சொல்கிறார்கள். அதற்குப் பதிலாக 1906-இல் பந்தை முன்னோக்கி வீசலாம் என்று சட்டம் வந்தது. செப்டம்பர் 5 அன்று செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன் அப்படி முதல் பந்தை வீசினார். இன்றைக்கு அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் எழுந்து நின்று கத்துவதே அந்த வீச்சுக்காகத்தான். களத்தின் அகலம் இன்றுவரை அதே 160 அடி.

அவர்களுக்கு அது நல்லதாக முடிந்தது. எல்லா இடத்திலும் அப்படி முடியும் என்று நான் நம்பவில்லை. ஏனென்றால் இதே விஷயம் நம் திடலில் ஒருமுறை நடந்து கெட்டதாக முடிந்திருக்கிறது.

நான் பையனாக இருந்தபோது இங்கே பதினோரு பேர் ஆட்டம்தான். சவுக்குக் கம்பம், பழைய மீன்வலை, சுண்ணாம்புக் கோடு. ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் படகெல்லாம் கரையேறிவிடும், போட்டி ஆரம்பித்துவிடும். தங்கச்சிமடத்திலிருந்து, பாம்பனிலிருந்து, பெரியபட்டினத்திலிருந்து, தொண்டியிலிருந்து அணிகள் வரும். கச்சான் காற்று பலமாக அடிக்கும் நாளில் தூக்கி அடித்த பந்து திசை மாறும். அதனால் நம் ஆட்கள் பந்தைத் தரையோடு வைத்து ஓரமாகக் கொண்டுபோகப் பழகியிருந்தார்கள். இடது ஓரத்தில் ஆடும் 'லெஃப்ட் அவுட்' ஒருவர் எங்களுக்கு இருந்தார், தொழிலுக்குப் போகிறவர். கோட்டை ஒட்டியே ஓடுவார், பாதி நேரம் கோட்டுக்கு வெளியே அவர் கால், உள்ளே பந்து. எதிரணி பேக் நெருங்கி வந்ததும் பந்தை உள்பக்கம் தட்டிவிட்டு, அந்த ஆளை வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து பந்தைப் பிடிப்பார். அப்படிச் சுற்றுவதற்குக் கோட்டுக்கு வெளியே நாலைந்து எட்டு ஓடுவதற்கு இடம் வேண்டும். அந்த இடம் அப்போது இருந்தது.

பிறகு கிழக்குப் பக்கம் ஒரு கட்டடம் வந்தது. ஊருக்குத் தேவையான கட்டடம்தான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் சுற்றுச்சுவரைக் கோட்டிலிருந்து ஐந்தடியில் எழுப்பிவிட்டார்கள். முதல் வருடமே ஒரு பையன் வேகத்தில் போய் மோதித் தோள்பட்டை இறங்கியது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே பிள்ளைகள் தயங்கினார்கள். பந்து ஓரத்துக்குப் போனால் ஓட்டத்தைக் குறைத்தார்கள். சுவரை விட்டுத் தள்ளித் தள்ளிக் கோடு போட்டார்கள், களம் சுருங்கியது. கடைசியில் எழுவர் ஆட்டம் ஆனது. யாரும் கூட்டம் கூட்டி முடிவெடுக்கவில்லை. மின்னொளியில் எழுவர் ஆட்டம் பார்க்க எனக்கும் பிடிக்கும், வேகமான ஆட்டம். ஆனால் ஓரம் பிடித்து ஓடுகிறவன் என்று ஒருவன் எங்கள் ஊரில் அதற்குப் பிறகு உருவாகவே இல்லை. மாவட்ட அணித் தேர்வுக்குப் போகிற நம் பிள்ளைகள் பெரிய களத்தில் எங்கே நிற்பது என்று தெரியாமல் முழிப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

இப்போது மேற்குப் பக்கமும் ஆறடியில் கான்கிரீட் படி வந்தால் பாக்கி இருப்பதும் போய்விடும்.

அகலம் ஒரு பக்கம் இருக்கட்டும், இந்தக் கரையில் கான்கிரீட் கேலரி என்றாலே எனக்கு இன்னொரு கவலை உண்டு. ஹார்வர்டுக்குப் பகை பனி, நமக்கு உப்பு. பாம்பன் பகுதியை உலகத்திலேயே துரு அதிகம் பிடிக்கும் இடங்களில் ஒன்று என்பார்கள். காரைக்குடியிலுள்ள சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காரர்கள் துருவை ஆராய மண்டபத்தில் ஒரு நிலையம் போட்டதே அதனால்தான். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்கு விடாமல் பெயின்ட் அடித்துப் பார்த்தார்கள். அப்படியும் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்த பிறகுதான் ராமேசுவரத்துக்கு மறுபடி ரயில் ஓடியது.

கான்கிரீட்டுக்குள் கம்பி ஏன் துருப்பிடிக்காமல் இருக்கிறது என்றால், சிமென்ட்டின் காரத்தன்மை கம்பி மேல் ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலத்தை உண்டாக்குகிறது. உப்பிலுள்ள குளோரைடு உள்ளே ஊறிப் போய் அந்தப் படலத்தை உடைத்துவிடும். பிறகு துரு. துரு, தான் உண்டான இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். உள்ளிருந்து நெருக்கும்போது கான்கிரீட் பிளக்கிறது. கடற்கரையோரம் பத்து, பதினைந்து வருடமான எந்த சன்ஷேடையும் அடியிலிருந்து அண்ணாந்து பாருங்கள். முதலில் கம்பி போகிற வழியில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. அப்புறம் அந்தக் கோட்டிலிருந்து வெற்றிலைச் சாறு வழிந்தது போலப் பழுப்புக் கறை. விரலால் தட்டினால் உள்ளே பொள்ளென்று சத்தம். ஒரு மழைக்காலம் தாண்டினால் தட்டுத் தட்டாகப் பெயர்ந்து விழுந்து, துருவில் இளைத்துப்போன கம்பி வெளியே தெரியும்.

கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர நிர்ணய விதி ஐ.எஸ். 456 இதற்குக் கணக்குச் சொல்கிறது. கடலோரக் காற்றுக்குத் திறந்திருக்கும் கட்டடம் என்றால் கம்பிக்கு மேல் அதை மூடும் கான்கிரீட், அதாவது கவர், 45 மில்லிமீட்டர்; கலவையின் வலு குறைந்தது எம்-30 தரம். அலைத் தெறிப்பு படுகிற இடமென்றால் 50 மில்லிமீட்டர், எம்-35. கம்பி போடும் கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது. நம் ஊர் போர்த் தண்ணீரை வாயில் விட்டாலே தெரியும். லாரித் தண்ணீர் வாங்கிக் கலப்பார்கள் சரி, போட்ட கான்கிரீட் இறுகும் வரை அத்தனை நாளும் தண்ணீர் ஆற்றுவதற்கு யார் வாங்குவார்கள்? அங்கே போர் மோட்டாரைத்தான் போடுவார்கள். கேலரிப் படி மெல்லிய பலகை, வெயிலும் மழையும் நேரே விழும், ஒவ்வொரு படியிலும் தண்ணீர் தேங்கும். வீட்டுத் தூணைவிட வேகமாக அது கெடும். அடியில் பிள்ளைகள் நிழலுக்கு உட்கார்ந்திருப்பார்கள் என்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஹார்வர்ட் கேலரியையே 1980-களின் தொடக்கத்தில் பெரும் செலவு செய்து பழுதுபார்க்க வேண்டியிருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அதற்கு வசதி இருந்தது. 1984 ஒலிம்பிக்கில் நாம் ஆடுகிற கால்பந்தின் முதல் சுற்று ஆட்டங்கள் சில அங்கேயே நடந்தன. 1987-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவித்தார்கள். பழுதுபார்க்க நம் குழுவில் இரண்டாம் தடவை யார் பணம் போடுவார்கள்?

தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் இடிந்த தேவாலயத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1964 டிசம்பர் புயல் கூரையைக் கொண்டுபோனது. சுவர்கள் நிற்கின்றன. பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும்; உள்ளே துருப்பிடிக்க இரும்பு இல்லை. அந்தக் கல்லை இன்றைக்குத் தொடவே கூடாது, பவளப்பாறை சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர். ஆனால் இரும்பே இல்லாமல் ஒன்றைக் கட்டினால் இந்தக் காற்றில் அது நிற்கும் என்பதற்கு அந்தச் சுவரைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இங்கேதான் ஹார்வர்டின் பரம எதிரியான யேல் பல்கலைக்கழகம் எனக்கு உதவிக்கு வருகிறது. 1914-இல் அவர்கள் கட்டிய 'யேல் பவுல்' வேறு மாதிரி வேலை. அங்கேயே படித்த பொறியாளர் சார்ல்ஸ் ஃபெர்ரி, நடுவில் மண்ணை வெட்டி எடுத்துச் சுற்றிலும் மேடாகக் குவிக்கச் சொன்னார். களம் பள்ளத்தில், பார்வையாளர் மேட்டுச் சரிவில். தூண் தாங்க வேண்டிய சுமையை மண்ணே தாங்கியது. நவம்பர் 21 அன்று திறப்பு ஆட்டத்தில் ஹார்வர்ட் வந்து 36-0 என்று அவர்களை வென்றுவிட்டுப் போனது வேறு விஷயம். 1927-இல் மிச்சிகன் பல்கலைக்கழகமும் பெரும்பகுதி தரைக்குக் கீழே போகும்படி கட்டியது. 72,000 பேருக்குக் கட்டும்போதே, பிறகு ஒரு லட்சம் பேர் வரை கூட்டிக்கொள்ளலாம் என்று ஃபீல்டிங் யோஸ்ட் கடைக்காலை அதற்கேற்பப் போட வைத்தார். ஒரு லட்சத்தையும் தாண்டி இன்று அங்கே உட்காருகிறார்கள்.

நம்மால் பள்ளம் தோண்ட முடியாது. நாலடியில் உப்புத் தண்ணீர் ஊறிவிடும். மேடு போட முடியும். கடற்கரை மணல்மேட்டில் கை வைக்கக் கூடாது, அதுதான் ஊருக்குக் காவல், கடலோர ஒழுங்குமுறைச் சட்டமும் விடாது. கண்மாய் தூர்வாரும்போது அனுமதி வாங்கிக் கரம்பை மண் அடிக்கலாம். ஐந்தடி உயரத்துக்கு அடுக்கடுக்காகத் தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்க வேண்டும். சரிவில் உட்காரக் கம்பியில்லாத கான்கிரீட் கட்டைகளை வரிசையாகப் பதிக்கலாம். கம்பி இல்லையென்றால் குளோரைடு வந்தாலும் பிளப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு கட்டை உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். மேட்டின் பின்சரிவில் அடம்பங்கொடியும் ராவணன் மீசையும் நட்டால் மண் ஓடாமல் பிடித்துக்கொள்ளும். உச்சியில் நிழலுக்குப் பூவரசு. தகரக் கூரை வேண்டவே வேண்டாம். ஒரு புயலுக்குத் தாங்காது, பறந்தால் ஆளை வெட்டும்.

நன்கொடை கொடுத்தவர்களுக்கு மண்மேடு கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். கான்கிரீட் என்றால் திறப்பு விழாப் படத்தில் எடுப்பாகத் தெரியும். கல்வெட்டு வைக்க மேடை கேட்டார்கள், அது நியாயம். மேட்டின் தலைப்பில் ஒரே ஒரு கருங்கல் பலகை நட்டு எல்லார் பெயரும் வெட்டலாம். உப்புக் காற்றில் பெயின்ட் எழுத்தைவிட அது நாள்பட நிற்கும்.

இப்போது அளவு. கிழக்குச் சுவரிலிருந்து மேற்கே ரோட்டோரப் பனை வரிசை வரை டேப் பிடித்தால் 78 மீட்டர். ஃபிஃபா சொல்லும் 68 மீட்டர் களத்துக்கு இரண்டு பக்கமும் எட்டரை மீட்டர் விட்டு மொத்தம் 85 மீட்டர் வேண்டும், அது நமக்கு வராது. ஆனால் ஆட்ட விதி 45 மீட்டர் அகலத்திலிருந்தே பதினோரு பேர் ஆட்டத்தை அனுமதிக்கிறது. 55 மீட்டர் களம், இரண்டு பக்கமும் எட்டரை எட்டரை, ஆக 72. மீதி ஆறு மீட்டரில் மேடு அடங்கும். களத்தை மேற்கே நகர்த்துவதால் பழைய சுவரும் கோட்டிலிருந்து தள்ளிப் போய்விடுகிறது.

அக்கா மகனிடம் இதைச் சொன்னேன். "மண்ணுன்னா பயலுக ஒத்துக்குவாய்ங்களா மாமா?" என்றான். ஒத்துக்கொள்ள வைக்க ஒரு வழி சொல்லியிருக்கிறேன். இந்தத் தடைக்காலப் போட்டிக்கு முன்னால் வெள்ளைக் கோட்டை மட்டும் நான் சொன்ன அளவில் மாற்றிப் போடுவது, மேடு வர வேண்டிய இடத்தில் சவுக்குக் கம்பம் நட்டுக் கயிறு கட்டுவது, நம் பிள்ளைகளைப் பதினோரு பேராக இறக்கி ஒரு ஆட்டம் ஆடச் சொல்வது. கத்தாரில் இருப்பவர்களுக்கு அதை வீடியோவில் காட்டலாம். கம்பமும் கயிறும் என்னிடம் இருக்கின்றன. கோடு போடச் சுண்ணாம்பு மட்டும் வாங்க வேண்டும்.